அப்பாவின் 18 பனையும் காயவில்லை: ஒரு நன்றி மடல்

ஊர்ப் பெரியவர்களுக்கும், உறவுக்காரர்களுக்கும், சாயல்குடியிலிருந்து வாலிநோக்கம் வரை இந்தக் கரையோரத்தில் எங்களைத் தேடி வந்த எல்லாருக்கும் வணக்கம்.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்துவிட்டது. எங்களுக்கு அப்பா, பிள்ளைகளுக்குத் தாத்தா, ஊருக்குப் பனையேறித் தாத்தா. என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்களோடுதான் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தீர்கள். அதைத் திரும்ப எழுத மனசு வரவில்லை. நன்றியைத் தள்ளிப்போட்டால் அது சம்பிரதாயமாகிவிடும் என்பதால் இப்போதே எழுதுகிறோம்.

ரத்தம் கொடுக்க ராமநாதபுரம் வரை ராத்திரியில் பைக்கில் வந்த பையன்கள், 108 வண்டிக்கு வழிகாட்ட டார்ச்சோடு முக்குரோட்டில் நின்றவர்கள், அன்றைக்குக் கடலுக்குப் போகாமல் வந்து பந்தக்கால் நட்ட மூக்கையூர்க்காரர்கள், எங்களை அடுப்பு மூட்டவிடாமல் சோறும் ரசமும் தூக்குவாளியில் அனுப்பிக்கொண்டே இருந்த பள்ளிவாசல் தெருப் பெண்கள், நீர்மாலைக்குப் போனவர்கள், நெய்ப்பந்தம் பிடித்த பேரப்பிள்ளைகளின் கையை விடாமல் கூட்டிவந்தவர்கள், சேதுக்கரைக்கு வேன் விட்டுவிட்டு டீசல் காசுகூட வாங்காதவர், பனைமரத் தொழிலாளர் நலவாரிய அட்டையைத் தேடி எடுத்து விண்ணப்பம் எழுதிக் கொடுத்த தங்கச்சி. ஒவ்வொரு பெயராக எழுதப்போனால் விட்டுப்போன பெயர்தான் பெரிதாகத் தெரியும். எல்லாருக்கும் சேர்த்து ஒரே கும்பிடு.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. ஊரில் பலருக்கு அது இன்னும் தெரியாது. தெரிந்தவர்களிலும் பனை ஏறாதவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரிய வாய்ப்பில்லை.

அப்பா படுக்கையில் விழுந்தது பங்குனிக் கடைசியில். பனை தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறோம்.

தை, மாசியில் பனையின் பூங்குலையான பாளை தலைகாட்டும். ஏறிப்போய்க் காய்ந்த மட்டையைக் கழித்து, பன்னாடையை உரித்து, பாளையைச் சுற்றிக் கை புழங்க இடம் பண்ணவேண்டும். பிறகு பாளையை நசுக்குகிற இடுக்கி மாதிரியான மரக் கடிப்புப் போடவேண்டும். ஆண்பனையான அலகுப்பனைக்குப் போடும் கடிப்பு வேறு, பெண்பனையான பருவப்பனைக்கு வேறு. பாளையை இதமாக நசுக்கிக்கொண்டே வரவேண்டும். நசுக்கல் குறைந்தால் பாளைச் சாறான ஊறல் இறங்காது. கூடிப்போனால் பாளை கறுத்து அழுகும். தினமும் நசுக்கி, நுனியைச் சீவிச் சீவி, ஏறக்குறைய ஒரு வாரம் காத்திருந்தால்தான் முதல் சொட்டு விழும். அதுவரை செய்கிற வேலைக்குச் சல்லிக்காசு வரவு கிடையாது.

சொட்ட ஆரம்பித்த பிறகு லீவு என்ற பேச்சே இல்லை. காலையில் ஒரு சீவல், சாயங்காலம் ஒரு சீவல். சீவல் காகிதக் கனம்தான் இருக்கவேண்டும். கனமாகச் சீவினால், ஆடி வரை வரவேண்டிய பாளை சித்திரையிலேயே குட்டையாகி முடிந்துபோகும். சீவாமல் வெறுமனே உரசிவிட்டால் கண் திறக்காது. கறவை மாட்டைக் கறக்காமல் விட்டால் மடி வற்றுகிற கதைதான் இங்கேயும். ஒருவேளை தவறினால் ஊறல் குறையும். இரண்டு மூன்று நாள் தவறினால் வெட்டுவாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும். அதன் பிறகு ஆழமாக வெட்டிப் புதுவாய் எடுத்தாலும் பழைய ஓட்டம் வருவது சந்தேகம். தை மாதத்திலிருந்து பட்ட பாடெல்லாம் அதோடு போச்சு.

அலகுப்பனை முந்திக்கொள்ளும், பருவப்பனை பிந்தி வரும். பங்குனிக் கடைசியில் இரண்டும் சேர்ந்து ஓடும். அப்பா வாலிப வயதில் நாற்பது பனை ஏறியவர். கடைசி வருஷங்களில் 18 ஆகக் குறைத்துக்கொண்டார். பனைக்கு மூன்று லிட்டர் என்று வைத்தாலும் நாளைக்கு ஐம்பது லிட்டருக்கு மேல் பதநீர். எட்டிலிருந்து பத்து லிட்டர் காய்ச்சினால் ஒரு கிலோ கருப்பட்டி தேறும். ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கத்துப் பனையேறி வீடு எதைச் சாப்பிடுகிறது என்பது பங்குனி, சித்திரையில்தான் முடிவாகிறது.

நாங்கள் எல்லாரும் ஆஸ்பத்திரியில் இருந்தோம். பாளை காய்ந்திருக்கும் என்றுதான் நினைத்தோம். நினைத்தோம் என்பதுகூட இல்லை, அந்த நினைப்பே வரவில்லை.

ஓடைக்கு மேற்கே ஏறுகிற அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். பெயரைப் போடவே கூடாது என்று சொல்லிவிட்டார். அவருக்கே 25 பனை. காலையில் அப்பாவின் பனைகளில் கலயம் நிரம்பி வழிவதையும், தேனீ மொய்ப்பதையும் தூரத்திலிருந்தே பார்த்திருக்கிறார். யாரும் சொல்லி அனுப்பவில்லை. அன்று சாயங்காலமே ஏறிவிட்டார்.

ஒரு பனையில் ஏறி, நிறைந்த கலயத்தைக் குடுவையில் ஊற்றி, பாளை சீவி, மாற்றுக் கலயம் கட்டி இறங்க, உயரத்தைப் பொறுத்து ஐந்திலிருந்து பத்து நிமிடம் ஆகும். அவருடைய 25 பனையோடு இந்த 18-ம் சேர்ந்தால் 43. ஒருவேளைக்கே ஐந்து மணி நேரம் தொட்டுவிடும். நாளைக்கு இரண்டு வேளை. காலை ஊறல் வெயில் ஏறுவதற்குள் அடுப்புக்கு வந்தாகவேண்டும், இல்லாவிட்டால் புளிக்க ஆரம்பிக்கும். அதனால் வழக்கமாக நாலு மணிக்குத் தொடங்குகிறவர் இரண்டரைக்கே நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். இருட்டில் பனை உச்சியில் கதண்டு என்கிற குளவி கூடு கட்டியிருந்தால் கண்ணில் படாது. மட்டை ஓரத்தில் ரம்பப் பல் மாதிரி இருக்கிற கருக்கு எங்கே இருக்கிறது என்பது கைக்குத்தான் தெரியவேண்டும். பழகிய பனை என்றால் பரவாயில்லை, இது அடுத்தவர் பனை.

அடுத்தவர் பனையில் ஏறும்போது நல்ல பனையேறி எதையெல்லாம் கவனிப்பார் என்பதை அண்ணாச்சியின் வேலையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். அப்பாவின் பாளையருவாள் அருவாப்பெட்டியில்தான் இருந்தது. அதை அவர் தொடவில்லை, தன் அருவாளைத்தான் கொண்டுபோனார். பாளையருவாளின் வாய், அதைத் தீட்டுகிற கையின் சாய்வுக்குப் பழகிவிடும். வேறொருவர் கை பட்டால் ஒரே நாளில் வாய் மாறிப்போகும். ஆனால் வெட்டின் சாய்வை மட்டும் மாற்றவில்லை. அப்பா பாளை நுனியைக் கொஞ்சம் உள்சாய்வாகச் சீவுவார், சொட்டு வழியாமல் நேராகக் கலயத்தின் வாய்க்குள் விழும். அண்ணாச்சி அப்படிச் சீவுகிறவர் இல்லை. ஆனாலும் இந்த 18 பனையில் அப்பாவின் சாய்விலேயே சீவியிருக்கிறார். இருக்கிற வெட்டை மாற்றிச் சாய்த்தால் அந்த ஒரு சீவலில் விரல் அகலம் பாளை வீணாகும் என்பது கணக்கு. ஊருக்குத் திரும்பியதும் முதலில் பனையடிக்குத்தான் போனோம். எங்கள் வீட்டுப் பையன் ஒருவன் ஏறிப் பார்த்துவிட்டுச் சீவிய வாய் ஒவ்வொன்றும் வெள்ளையாக, ஈரமாக இருக்கிறது என்று மேலேயிருந்தே கத்தினான். அப்பாவே சீவியதுபோல இருக்கிறது என்றும் சொன்னான்.

சுண்ணாம்பு விஷயம் இதைவிட நுணுக்கம். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு பூசினால் பதநீர், பூசாவிட்டால் கள். அளவு தப்பினால் இரண்டும் இல்லை. சுண்ணாம்பு குறைந்தால் ஊறல் புளித்து, காய்ச்சும்போது பாகு இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும். கூடினால் கருப்பட்டி கறுத்து, நாக்கில் காரமாக உறைக்கும். அப்பா கிளிஞ்சல் சுண்ணாம்பு தவிர வேறு தொடமாட்டார். ராக் கலயத்துக்கு இரண்டு விரல் இழுப்பு, பகல் கலயத்துக்கு மூன்று விரல் இழுப்பு. பகல் வெயிலில் சீக்கிரம் புளிக்கும் என்பதுதான் காரணம். இறக்கிய கலயத்தை உடனே கழுவி, பழைய கசடு போகத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து வைக்கவேண்டும். பழைய ஊறல் ஒட்டிக்கொண்டிருந்தால் எத்தனை இழுப்பு பூசினாலும் புளிப்பு நிற்காது. நாங்கள் பார்த்தபோது பனையடியில் கலயங்கள் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. ஒன்றில்கூட நாற்றம் இல்லை.

இவ்வளவும் ஏறுகிறவர் வேலை. கருப்பட்டி என்றால் ஊர் ஏறுகிறவரைத்தான் பேசும். அடுப்படியில் வேகிறவளை யாரும் பேசுவதில்லை. எங்கள் நன்றியில் பாதிக்கு மேல் அண்ணாச்சியின் மனைவி, எங்கள் மதினிக்குத்தான் சேரவேண்டும்.

இரண்டு வீட்டுப் பதநீரையும் காய்ச்சுகிற பாத்திரமான வட்டகை ஒன்றிலேயே ஊற்றியிருந்தால் வேலையும் விறகும் மிச்சம். மதினி அப்படிச் செய்யவில்லை. அப்பாவின் பதநீரைத் தனி வட்டகையில் காய்ச்சியிருக்கிறார். சேர்த்துக் காய்ச்சினால் பங்கு பிரிப்பது குத்துமதிப்பாகத்தான் இருக்கும், அது சரிவராது என்பது அவர் பேச்சு. கருவேல விறகும் காய்ந்த பனைமட்டையும் இரண்டு மடங்கு எரிந்திருக்கிறது. சித்திரை வெயிலில் இரண்டு அடுப்புக்கு நடுவில் உட்காருவது என்ன என்று உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

காய்ச்சுகிற பக்குவத்தையும் கொஞ்சம் சொல்லவேண்டும். அப்பா இதில் மகா கறார். பதநீரை வடிகட்டி, அசையாமல் கொஞ்ச நேரம் வைத்து, அடியில் தங்குகிற சுண்ணாம்பை விட்டுவிட்டுத் தெளிவை மட்டும் வட்டகையில் ஊற்றவேண்டும். கொதி ஏறும்போது நுரை பொங்கும். இரண்டு மூன்று ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டால் அடங்கும். வெள்ளை நுரை போய், மஞ்சள் குமிழி பெரிசு பெரிசாக வெடிக்க ஆரம்பித்ததும் தீயைக் குறைத்துத் துடுப்பை எடுக்கவேண்டும். அதிலிருந்து அடுப்பை விட்டு நகரக்கூடாது. குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையக்கூடாது, விரலில் உருண்டு வரவேண்டும், உருண்டையைத் தட்டில் போட்டால் டக்கென்று சத்தம் கேட்கவேண்டும். அந்தச் சத்தத்துக்கு முன்னால் இறக்கினால் மழைக்காலத்தில் கருப்பட்டி கசிந்து ஓலைக்கொட்டானை நனைத்துவிடும். பின்னால் இறக்கினால் கருகல் கசப்பு. இறக்கிய பிறகும் ஓரம் பூத்து வரும்வரை கிண்டித்தான் நனைத்த சிரட்டையில் ஊற்றவேண்டும்.

மதினி கொடுத்தனுப்பிய கருப்பட்டி ஒன்றை உடைத்துப் பார்த்தோம். உள்ளேயும் வெளியேயும் ஒரே நிறம், பிசுபிசுப்பு இல்லை. அப்பா இருந்திருந்தால் முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்திருப்பார். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் அது நல்ல கருப்பட்டி.

கணக்கு அவர்கள் வீட்டு அடுப்படிக் கதவின் உள்பக்கம் இருக்கிறது. சுண்ணாம்பில் விரலால் போட்ட கோடுகள். நாலு கோடு நின்றால் ஐந்தாவது குறுக்கே. கிலோவுக்கு ஒரு கோடு. மேல் வரிசை அவர்களுடையது, கீழ் வரிசை அப்பாவுடையது. ஏறுகிறவருக்கும் பனைக்காரருக்கும் பங்கு பிரிப்பதுதான் இங்கே வழக்கம். பங்கை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கும்பிட்டுக் கேட்டும் வாங்கவில்லை. விறகுக் காசையாவது என்றதற்கு மதினி உள்ளே போய்விட்டார். அப்பா எப்போதாவது இவர்களுக்குச் செய்த உதவிக்குக் கைமாறோ என்றும் விசாரித்துப் பார்த்தோம். அப்படி ஒன்றும் இல்லையாம். "பாளை காயுறதப் பாத்துட்டுச் சும்மா போக முடியுமா தம்பி" என்பதுதான் அண்ணாச்சி சொன்ன ஒரே பதில்.

அப்பா 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன புயலின்போது சின்னப் பையன். தென்கோடியில் நிற்கிற அலகுப்பனையைக் காட்டி, அந்தப் புயலுக்கும் நின்றது இது என்பார். பேரப்பிள்ளைகளுக்கு அவர் வேறு ஆள். குருத்தோலையில் கிலுகிலுப்பை, காற்றாடி எல்லாம் அவர் கையில் நிமிஷத்தில் வந்துவிடும். பதநீர் குடிக்கப் பட்டை பிடிக்க எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தார். ஓலையை விரித்து, நடுவைக் குழித்து, நுனிகளைச் சேர்த்து ஓலைக் கிழிசலாலேயே இறுக்கிக் கட்டவேண்டும். முடிச்சு தளர்ந்தால் சட்டையெல்லாம் பதநீர். ஆவணியில் பனம்பழம் விழுந்தால் கொட்டைகளை இரண்டாகப் பிரிப்பார். மணல் மேட்டில் நெருக்கி அடுக்கிக் கிழங்குக்கு ஒரு பங்கு, வரப்புக்கு ஒரு பங்கு. பொங்கலுக்குக் கிழங்கு பிடுங்கும்போது பிள்ளைகள் வரப்புக் கொட்டையிலும் கையை வைத்துவிடாமல் கம்பு நட்டு வைத்திருப்பார்.

இந்த வருஷமும் அந்தப் பிரிப்பு நடக்கும். வரப்பில் பத்தடிக்கு ஒரு கொட்டை, வடகிழக்கு மழைக்கு முன்னால், அரையடி ஆழம். நட்ட இடத்திலேயே விட்டுவிடவேண்டும். பனை முளைக்கும்போது முதலில் கீழ்நோக்கித்தான் போகும், பிடுங்கி நட்டால் அந்த முளை ஒடிந்துவிடும். நாற்றுப் பிடுங்கி நடலாமா என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கு இதுதான் பதில். பாளை விட பன்னிரண்டு பதினைந்து வருஷம் ஆகும். ஆகட்டும்.

பனைகளைக் கொடுத்துவிடுவீர்களா என்று சூளைக்கு மரம் எடுப்பவர்கள் இரண்டு பேர் இழவு வீட்டிலேயே கேட்டார்கள். அவர்கள் பிழைப்பு அவர்களுக்கு, கோபமில்லை. ஆட்சியர் அனுமதியில்லாமல் பனையை வெட்டக்கூடாது என்று அரசு 2021-லேயே அறிவித்திருக்கிறது. அது இல்லாவிட்டாலும் கொடுப்பதாக இல்லை. வீட்டில் ஏறத் தெரிந்த பையன் ஒருவன் இருக்கிறான், இன்னொருவன் அண்ணாச்சியிடம் பழகுகிறான். காலில் போடுகிற வளையமான திளாப்பை மாட்டிக்கொண்டு பாதிப் பனை வரை போகிறான். உச்சிக்குப் போக அண்ணாச்சி இன்னும் விடவில்லை. கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் விடவேமாட்டார், அது சரியும்கூட.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். சீசனில் இந்தக் கரையில் எந்தப் பனையேறி வீட்டில் ஆள் விழுந்தாலும், யார் என்ன சாதி, என்ன பகை என்று பார்க்காமல், அடுத்த சீவலுக்குள் எங்கள் வீட்டிலிருந்து ஒருவர் அங்கே நிற்பார். வருகிறவர்களிடம் எந்தப் பனை எந்த நிலையில் இருக்கிறது, எதற்குக் கடிப்பு மட்டும் போட்டிருக்கிறது, எது சொட்டுகிறது, யார் வட்டகையில் காய்ச்சவேண்டும் என்று சொல்ல வீட்டில் ஒரு ஆளை மட்டும் நிறுத்துங்கள், போதும். வேறு எதுவும் கேட்கமாட்டோம்.

உதவிக்கு வந்த வீடுகளுக்குக் கருப்பட்டி எடுத்து வைத்திருக்கிறோம். கீழ் வரிசைக் கோட்டில் உள்ளதுதான், வீட்டுக்கு ஒரு கொட்டான். மறுக்காமல் வாங்கிக்கொள்ளவும். இப்போது காய்ந்த காற்றுதான், ஆனாலும் ஐப்பசிக்குள் அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றிவிடுங்கள், தரையில் வைத்தால் ஈரம் இழுக்கும்.

காரியத்துக்கு வந்த சாமான்களில் பெரிய அலுமினிய அண்டா இரண்டு, பிடி உடைந்த கரண்டி ஒன்று, பச்சை நிறத் தூக்குவாளி மூன்று எங்கள் வீட்டில் மிச்சம் நிற்கின்றன. தூக்குவாளிகளில் ஒன்றின் மூடி இல்லை, அது வரும்போதே இல்லையா என்று யாராவது சொன்னால் தேவலை. உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மகன்கள், மகள்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்